தலைவர் கொடுத்த ரத்தம்

சங்கத் தலைவர் அடித்த போஸ்டரில் இதயம் ஒரு மூலையில் இருந்தது. எலுமிச்சம்பழம் அளவில், சிவப்பாக, வந்த இடத்தில் தொந்தரவு தரக்கூடாது என்பதுபோல ஒதுங்கியிருந்தது. மீதி இடம் முழுக்கத் தலைவர். கைகூப்பிய தலைவர். அவருக்குக் கீழே கொட்டை எழுத்தில், ‘உன் கொழுப்பை அடக்கு’ என்று ஓர் அறைகூவல்.

அச்சகம் அவருடையது, மை அவருடையது, ஆகவே வாசகமும் அவருடையது. நகரத்துச் சுகாதார அலுவலகம் அனுப்பிய தாளில், ரத்தத்தில் கொழுப்பின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று சாதுவாகத்தான் இருந்தது. நம் மொழி பேசும் நர்ஸம்மா அதை அப்படியே போடச் சொன்னார். தலைவருக்கு அதில் வேகம் போதவில்லை. அச்சகத்தில் பிழை திருத்துவது அவர் மனைவி. அந்த அம்மாளும் சொல்லிப் பார்த்தாள்.

“படிக்கிறவனைத் திட்டுற மாதிரி இருக்குங்க.”

“திட்டினாத்தான் நம்ம ஆளுங்களுக்கு உறைக்கும்.”

உறைத்தது. தன் கடைக் கதவில் அதைப் பார்த்த துணிக்கடைக்காரர், எதிர்க்கடைக்காரன் ஒட்டிய வசவு என்று முடிவுகட்டி அவனோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். ஒரு வீட்டில் மருமகள், “நேர்லயே சொல்லியிருக்கலாமே அத்தை” என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, அன்று முழுக்க அறையை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் ஒரு ஈ காக்கைகூடப் போகவில்லை.

சுகாதார அலுவலகத்துக்கு நம்மவர்கள்மீது திடீர்க் கரிசனம் வந்ததற்குக் காரணம் இருந்தது. பிழைக்க வந்த அந்த வெளிநாட்டு நகரத்தில் நம்மவர்கள் ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடிக்குள் மட்டும் நெஞ்சு மற்றவர்களுக்கு முன்னதாகவே மக்கர் செய்கிறது என்று அவர்கள் கவனித்திருந்தார்கள். நம்மவர்களுக்கும் அது தெரியும், பெயர்தான் வேறு. நேற்று வரை ஓடியாடிக்கொண்டிருந்த ஆள் காலையில் எழுந்திருக்கவில்லையென்றால் வாயு நெஞ்சில் ஏறிவிட்டது என்பார்கள். தலைவரின் மாமனாரும் தலை நரைக்கும் முன்பே வாயுவில்தான் போய்ச் சேர்ந்தார். வாயுவுக்கு யார் ரத்தம் எடுத்துப் பார்ப்பது?

நர்ஸம்மா அச்சகத்துக்கே வந்துவிட்டார்.

“யாரும் எட்டிக்கூடப் பார்க்கலைங்க. நீங்க முதல்ல போய்க் கையை நீட்டுங்க. சங்கத்தோட ஆண்டு விழா அன்னைக்கு மேடையில உங்க அளவு இதுதான்னு சொல்லுங்க. தலைவரே எடுத்துட்டாருன்னா மத்தவங்க தன்னால வருவாங்க.”

“அதுக்கென்னம்மா. என் உடம்புல ஓடுறதே இந்த மக்களோட ரத்தம்தானே.”

இந்த வாக்கியம் தலைவரின் சொத்து. ஏறிய மேடை எல்லாவற்றிலும் அதைச் சொல்லியிருக்கிறார். கல்யாணத்தில் சொல்லியிருக்கிறார், இரங்கல் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். சலூன் திறப்பு விழாவில்கூடச் சொன்னார். அங்கே அது கொஞ்சம் பொருத்தமாகவும் இருந்தது. எங்கே சொன்னாலும் கைதட்டு நிச்சயம். தட்டித் தட்டி நம்மவர்களுக்கும் கை அதற்குப் பழகிப்போயிருந்தது.

நர்ஸம்மா போனதும் தலைவருக்கு வியர்த்தது. ஊசி என்றால் அவருக்கு உயிர் போய்விடும். ஊசியைவிடப் பெரிய பயம் இன்னொன்று. தன் தொப்பை அவருக்குத் தெரியாததல்ல. மேடையில் நின்று தன் வாயாலேயே ஒரு கெட்ட எண்ணைச் சொல்லிவிட்டால் அப்புறம் செயலாளர் சும்மா இருப்பாரா? தலைவர் நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் செயலாளரின் கண்ணில் ஒரு பசி தெரியும்.

அப்போதுதான் அவர் பார்வை குச்சியின் மேல் விழுந்தது.

குச்சி அவர் மனைவியின் தம்பி. அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரம் அவன் பொறுப்பு. காகிதக் கட்டைத் தூக்கினான் என்றால் அவன் கட்டைத் தூக்குகிறானா, கட்டு அவனைத் தூக்குகிறதா என்று சந்தேகம் வரும். சாப்பாட்டில் மட்டும் இரண்டு ஆளுக்குச் சமம். அத்தனையும் எங்கே போய்ச் சேருகிறது என்று அவன் அக்காவே கேட்டு அலுத்துவிட்டாள். அந்த உடம்பில் கொழுப்பு தேடுவது வழுக்கைத் தலையில் பேன் தேடுகிற வேலை என்று தலைவர் கணக்குப் போட்டார்.

“மாப்ளே, உனக்கு ஊசின்னா பயமா?”

“எறும்பு கடிக்கிற மாதிரிதானே அத்தான்.”

“அப்ப எனக்காக ஒரு எறும்புக்கடி வாங்கிட்டு வந்துடு. என் பேரைச் சொல்லு, கையை நீட்டு, வந்துடு.”

குச்சி தலையைச் சொறிந்தான். “ஆள் மாறினது தெரிஞ்சிடாதா?”

“ரத்தம் எடுக்கிறது இந்த ஊர் ஆளுடா. அவங்களுக்கு நம்ம ஆளுங்க எல்லாரும் ஒரே மூஞ்சி. இத்தனை வருஷமா அதுக்கு வருத்தப்பட்டாச்சு. ஒரு நாளாவது உபயோகப்படட்டும்.”

குச்சி போனான், பெயரைச் சொன்னான், கையை நீட்டினான், வந்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை. தலைவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது, அவர் நினைத்ததைவிடச் சரியாக.

சில நாள் கழித்து நர்ஸம்மா அச்சகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். எடுத்தது தலைவரின் மனைவி. கேட்டுக்கொண்டே இருந்தவள் திருத்திக்கொண்டிருந்த தாளின்மேல் பேனாவை அப்படியே வைத்தாள். மை ஊறிப் பரவுவதுகூடத் தெரியாமல் நின்றாள். பிறகு போனைக் கணவரிடம் நீட்டினாள்.

“தலைவரே, கெட்ட கொழுப்பு ரொம்ப எகிறிப் போயிருக்கு,” என்றார் நர்ஸம்மா. “வெறும் சாப்பாட்டால இவ்வளவு வராது. இது பரம்பரையா ரத்தத்துல வர்ற வகை மாதிரி இருக்கு. உங்க குடும்பத்துல யாராவது சின்ன வயசுலயே திடீர்னு போயிருக்காங்களா?”

“எங்க குடும்பத்துல யாரும் இல்லையேம்மா,” என்றார் தலைவர். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கண் சுவரில் மாட்டியிருந்த மாமனார் படத்துக்குப் போய்விட்டது. ஒல்லியான மனிதர். குச்சியை அச்சில் வார்த்த மாதிரி முகம்.

அந்த நொடியில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நெஞ்சு கெட்டிருப்பது யாருக்கு, எத்தனை காலமாக, அடுத்து என்ன நடக்கலாம் என்பது வரை புரிந்துவிட்டது. புரிந்ததைப் புரியாததுபோல வைத்துக்கொள்வது பொதுவாழ்வில் அவருக்குப் பழகிய கலை. “விழா முடிஞ்சதும் டாக்டரைப் பார்க்கிறேம்மா,” என்று போனை வைத்தார்.

குச்சி அவ்வளவு மந்தமானவன் இல்லை. வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து அவர் காதருகே கேட்டான்.

“அத்தான், அது என் ரத்தமில்ல?”

உண்மை தலைவரின் தொண்டை வரை வந்தது. சரியாக அந்த நேரம் பார்த்துச் செயலாளர் உள்ளே நுழைந்தார். வந்த உண்மை வந்த வழியே திரும்பிப் போயிற்று.

“இல்லடா. உன்னோடது ஏதோ கெட்டுப்போச்சுன்னு கீழ கொட்டிட்டாங்க. அப்புறம் நானே போய்க் குடுத்துட்டு வந்தேன்,” என்று முணுமுணுத்தார்.

குச்சியின் கண் நிறைந்துவிட்டது. “ஊசிக்கு அவ்வளவு பயப்படுவீங்களே. தனியாவா போனீங்க? என்னைக் கூப்பிட்டிருக்கலாமே அத்தான்.”

திட்டியிருந்தால்கூடத் தலைவர் தாங்கியிருப்பார்.

செய்தி ஊருக்குள் பரவியது. அதுவரை அவரைக் கண்டால் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறியவர்களும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். சங்கத்தின் கணக்கைக் கேட்டுக் குடைந்துகொண்டிருந்தவர், “உடம்புதான் முக்கியம், கணக்கு எங்க ஓடிடப் போகுது” என்றார். செயலாளரே வந்து உருகினார். தலைவருக்கு இதெல்லாம் கசக்கவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். நெஞ்சில் கைவைத்துக்கொண்டு மெதுவாக நடக்கப் பழகினார். விழாவுக்குப் புதுப் போஸ்டர் அடித்தார். ‘மரணத்தின் கண்ணைப் பார்த்தவர் பேசுகிறார்.’ அதில் இதயத்துக்கு இடம் கிடைக்கவில்லை.

ஆனால் சாப்பாட்டு மேசையில் அவர் மாட்டிக்கொண்டார். மனைவி அவருக்கு வேகவைத்த காய்கறியைத் தவிர எதையும் கண்ணில் காட்டவில்லை. ஏற்கெனவே வாங்கி வைத்த இறைச்சியையும் மீனையும் என்ன செய்வது? பொரித்துத் தம்பியின் தட்டில் வைத்தாள்.

“அவருக்குத்தான் கொடுத்து வைக்கல. நீயாவது சாப்பிடுடா. உன் உடம்புக்கு எவ்வளவு போட்டாலும் தகும்.”

எதிரே உட்கார்ந்திருந்த தலைவர் குச்சியின் வாய்க்குள் போகிற ஒவ்வொரு துண்டையும் பார்த்தார். அவன் மூன்றாவது துண்டை எடுத்தபோது கை தானாக நீண்டுவிட்டது. பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

“உங்களுக்கு வெக்கமா இல்ல?” என்றாள் மனைவி. “சாகப் போறோமேன்னுகூட ஒரு பயம் இல்லாம நாக்கு.”

“விடுக்கா, பாவம். ஆசை இருக்காதா?” என்று குச்சி அத்தானுக்காகப் பரிந்து பேசினான்.

அதோடு விட்டானா? மறுநாள் இயந்திரத்துக்குப் பின்னால் கூப்பிட்டு, பொரித்த கோழிப் பொட்டலம் ஒன்றைப் பிரித்தான். “அக்காகிட்டச் சொல்லல. ஆளுக்குப் பாதி அத்தான்.” அவன் பாதியையும் தன் பாதியையும் தலைவரே தின்று தீர்த்தார். அதற்கடுத்த நாளும் பொட்டலம் வந்தது. மச்சினனைக் காப்பாற்றுவதற்காக ஒரு மனிதர் இவ்வளவு தின்றதாக எங்கும் கேள்விப்பட்டதில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு வாய் வார்த்தையில் முடிந்திருக்கும். அதற்குப் பதில் விழாவுக்கு வைத்திருந்த கோட்டின் பொத்தான்தான் மாட்டாமல் போயிற்று.

காகிதக் கட்டைத் தூக்கவும் அவனை விடவில்லை. தானே தூக்கினார். மனைவி ஓடிவந்து, “இதய நோயாளி மூட்டை தூக்குறார், எருமை மாதிரி நீ நின்னு வேடிக்கை பார்க்கிற” என்று தம்பியைத் திட்டினாள். அவன் பதறிப்போய்க் கட்டைப் பிடுங்கிக்கொண்டு மாடிப்படி ஏறினான். பாதிப் படியில் நின்றுவிட்டான். கட்டைச் சுவரில் சாய்த்து, நெஞ்சைத் தேய்த்துக்கொண்டான்.

“என்னடா?”

“ஒண்ணுமில்ல அத்தான். கொஞ்ச நாளா இப்படித்தான். வாயு.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் தலைவர் படியேறி அவனருகே போனார். சொல்லிவிடலாம் என்று நிஜமாகவே வாயைத் திறந்தார். “மாப்ளே” என்றும் கூப்பிட்டுவிட்டார். கீழே தையல்காரர் விழாக் கோட்டைப் பிரித்துத் தைத்துக் கொண்டுவந்திருந்தார். போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டுப் பார்த்தால் அப்படி ஒரு பொருத்தம். விழாவுக்கு இன்னும் இரண்டே நாள். இவ்வளவு நாள் இருந்தவன் இரண்டு நாளிலா போய்விடுவான்? மேடையை விட்டு இறங்கியதும் முதல் வேலை அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதுதான் என்று தனக்குத் தானே சத்தியம் செய்துகொண்டார்.

விழா அன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. மரணத்தின் கண்ணைப் பார்த்தவரைப் பார்க்க எல்லாரும் வந்திருந்தார்கள். முன் வரிசையில் சுகாதார அலுவலகத்து ஆட்கள், மொழி புரியாவிட்டாலும் புன்னகையை இறக்கி வைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் நர்ஸம்மா, செயலாளர், இன்னும் நாற்காலி கிடைத்த எல்லாரும். குச்சி ஓர் இடத்தில் நிற்கவில்லை. நாற்காலி சுமந்தான், ஒலிபெருக்கிப் பெட்டி சுமந்தான், அவிழ்ந்த பேனரை ஏணியில் ஏறிக் கட்டினான். அத்தானின் விழாவில் ஒரு குறை வந்துவிடக் கூடாது அவனுக்கு.

தலைவர் பேச எழுந்தார். தொடக்கம் அருமையாக இருந்தது. இதயம் என்பது என்ன என்று கேட்டார், தானே பதில் சொன்னார், குரலை இறக்கினார், ஏற்றினார். “என் உடம்பில் ஓடும் இந்த ரத்தம்” என்று அவர் கையை உயர்த்தியபோது, கூட்டம் தட்டுவதற்குக் கையை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டது.

அப்போது பார்த்தார். ஏணியிலிருந்து இறங்கிய குச்சி கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். முகம் முழுக்க வேர்வை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பக்கத்திலிருந்தவரிடம் குடிக்க சோடா கிடைக்குமா என்று சைகை காட்டினான். இடது கையை உதறிக்கொண்டான்.

தலைவரின் உயர்ந்த கை அப்படியே நின்றது.

“இந்த ரத்தம் என் ரத்தம் இல்லை,” என்றார்.

கூட்டம் தட்டியது.

“என் மச்சினனோட ரத்தம்.”

இன்னும் பலமாகத் தட்டியது. அடேயப்பா, இன்றைக்குப் புதிதாக ஏதோ சேர்த்திருக்கிறார் என்று முன் வரிசையில் ஒருவர் மற்றவருக்குச் சொன்னார். சுகாதார அலுவலகத்து ஆட்களும் தட்டினார்கள்.

“நான் பொய் சொல்லிட்டேன். ஊசி குத்திக்கிட்டது நான் இல்ல. நோயும் எனக்கு இல்ல.”

யாரோ விசில் அடித்தார்கள். இந்த மனிதர் நாற்காலியை விட்டு இறங்கப் போவதே இல்லை என்று செயலாளர் மனம் நொந்துபோனார். தலைவர் கையைக் காட்டினார், தலையை ஆட்டினார், தழுதழுத்தார். தழுதழுக்கத் தழுதழுக்கத் தட்டினார்கள். இத்தனை வருஷம் அவர் மேடையில் கண்ணீர் விட்டதெல்லாம் இப்படித்தான் இருக்கும். உண்மைக்கென்று தனியாக ஒரு குரலை அவர் எங்கேயும் எடுத்து வைத்திருக்கவில்லை.

ஒலிபெருக்கியை விட்டுவிட்டு மேடை விளிம்புக்கு வந்தார். இரண்டாவது வரிசையில் இருந்த மனைவியைப் பார்த்து, வீட்டில் சாவியைக் காணவில்லை என்றால் கூப்பிடுவாரே, அந்தக் குரலில் கூப்பிட்டார்.

“இங்க பாரும்மா. தம்பியைப் பாரு. அவனுக்குத்தான். உங்கப்பாவுக்கு வந்ததுதான்.”

அந்தக் கூட்டத்தில் பிழை திருத்தத் தெரிந்தவள் அவள் ஒருத்தி. கணவர் மேடையில் அலங்காரம் இல்லாமல் ஒரு வார்த்தை பேசி அவள் கேட்டதே இல்லை. திரும்பித் தம்பியைப் பார்த்தாள், எழுந்து ஓடினாள். அதைப் பார்த்த பிறகுதான் நர்ஸம்மா மேடையிலிருந்து குதித்தார். கைதட்டு அங்கங்கே தடுமாறி நின்றது. வாயு என்று சொல்லிக்கொண்டே இருந்தவனைப் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் அவனைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். அடைத்திருந்த குழாயைத் திறந்தார்களாம். சோடா குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தால் எழுந்திருக்க மாட்டான் என்று டாக்டர் சொன்னார்.

தலைவர் விழாக் கோட்டோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மனைவி பக்கத்தில் வந்து உட்காரவில்லை. எதிரே நின்றாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஒரு தாளைத் திருத்துகிற நிதானத்தில் சொன்னாள்.

“ரத்தம் என் தம்பியோடது. கொழுப்பு மட்டும்தான் உங்களோடது.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாள் நர்ஸம்மா வந்தார். பரிசோதனை நிலையத்தில் கதவு திறக்கும் முன்பே வரிசை நிற்கிறதாம். துணிக்கடைக்காரரும் எதிர்க்கடைக்காரரும் ஒருவர் பின்னால் ஒருவர் நிற்கிறார்களாம். செயலாளரும் வந்துவிட்டாராம்.

“என் பேச்சு அப்படி...” என்று தலைவர் பழக்க தோஷத்தில் ஆரம்பித்தார்.

“உங்க பேச்சைக் கேட்டு இல்லைங்க. குச்சிக்கே இருக்குன்னா நமக்கு இருக்காதான்னு வந்திருக்காங்க.”

தலைவர் கோட்டின் பொத்தானைக் கழற்றினார்.

பிறகு அவரை உள்ளே விட்டார்கள். குச்சி படுக்கையில் இன்னும் மெலிந்து கிடந்தான். போர்வைக்குக் கீழே ஆள் இருப்பதே தெரியவில்லை. கையில் குழாய் சொருகியிருந்தது. அவரைப் பார்த்ததும் எழ முயன்றான். தலைவர் மன்னிப்புக் கேட்பதற்காக வழியெல்லாம் ஒரு நல்ல வாக்கியம் தயாரித்து வந்திருந்தார். அதைத் தொடங்குவதற்குள் ரத்தம் எடுக்கும் ஆள் தள்ளுவண்டியோடு வந்துவிட்டார். அந்த ஊர்க்காரர். தலைவரைப் பார்த்தார், குச்சியைப் பார்த்தார். இரண்டு பேரில் யார் யார் என்று தெரியாமல், ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் கேட்டார்.

குச்சி அத்தானைப் பார்த்தான். குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

“இந்தத் தடவை யார் பேரு சொல்லட்டும் அத்தான்?”

தயாரித்து வந்த வாக்கியம் தலைவருக்கு மறந்துபோயிற்று.

“உன் பேருடா,” என்றார். “உன் பேரையே சொல்லு.”

அவன் சொல்லிக் கையை நீட்டினான். ஊசி ஏறுவதைத் தலைவர் முகத்தைத் திருப்பாமல் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றிப் பக்கத்து நாற்காலியில் போட்டுவிட்டு, சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்தார்.